கதவுப்பிடியில் டி.என்.ஏ. கிடைத்தால் குற்றம் உறுதியாகிவிடுமா?

கேள்வி: சாட்ஸ்வொர்த் வாசகி (டர்பன், தென்னாப்பிரிக்கா)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெருவில் தனியாக வாழ்ந்துவரும் மூதாட்டி ஒருவர் சென்ற ஆண்டு தம் வீட்டிலேயே தாக்கப்பட்டு, நகையையும் பணத்தையும் பறிகொடுத்தார். உயிர் பிழைத்துவிட்டார் என்றாலும், இருட்டில் நடந்ததால் தாக்கியவரை அவரால் அடையாளம் சொல்ல முடியவில்லை. பின்கதவின் பிடியிலும் அலமாரியின் இழுப்பறையிலும் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்த மாதிரிகளில் எங்கள் தெரு இளைஞர் ஒருவரின் டி.என்.ஏ. இருப்பதாகக் கூறி, காவல்துறையினர் அவரைக் கைது செய்துள்ளனர். அந்த இளைஞர் அந்த அம்மாவுக்குக் கடையிலிருந்து அரிசியும் காய்கறியும் வாங்கிவந்து சமையலறை வரை கொண்டுபோய் வைத்துவிட்டுப் போகிறவர் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

இப்போது தெருவே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. டி.என்.ஏ. பொய் சொல்லாது, இனிப் பேச ஒன்றுமில்லை என்கிறார்கள் சிலர். ஆய்வகத்தில் எதையும் மாற்றிவிடுவார்கள், அதை நம்பவே கூடாது என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு பேச்சும் எனக்கு மனநிறைவு தரவில்லை. அந்த அம்மாவுக்கும் நீதி கிடைக்க வேண்டும், செய்யாத குற்றத்துக்காக ஒரு பிள்ளை சிறைக்குப் போகவும் கூடாது. அப்படிப்பட்ட ஓர் அறிக்கை உண்மையில் எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பதைத் துறை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடன் படிப்பேன்.

மறுமொழி: கேப் டவுன் ஆய்வாளர்

அக்கா, உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. அந்த இளைஞர் அந்த வீட்டுக்குள் முறையாக வந்து போகிறவர் என்றால், கதவுப்பிடியில் அவருடைய டி.என்.ஏ. இல்லாமல் இருந்தால்தான் வியப்பு. ஆய்வகம் விடை சொல்லக்கூடிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்த உயிரணுக்கள் யாரிடமிருந்து வந்திருக்கக்கூடும்? அவை எப்போது, எந்தச் செயலின்போது, எந்த வழியாக அங்கே வந்தன என்பது வேறு கேள்வி. பொருத்தம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், முதல் கேள்வியின் விடை இரண்டாவதற்கு விடையாகிவிடாது.

வேலை நடக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். மனிதருக்கு மனிதர் டி.என்.ஏ. ஏறத்தாழ முழுவதும் ஒன்றே. ஆனால் எஸ்.டி.ஆர். எனப்படும் சில இடங்களில், டி.என்.ஏ.வின் நான்கைந்து வேதி எழுத்துகள் கொண்ட சிறு தொடர் ஒன்று அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரும். அது எத்தனை முறை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒவ்வோர் இடத்திலும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு எண்கள் கிடைக்கும். அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யின் தரவகம் முதலில் 13 இடங்களைப் பயன்படுத்தியது, 2017 முதல் 20 இடங்களைப் பயன்படுத்துகிறது. இந்த எண்களின் வரிசையைத்தான் டி.என்.ஏ. விவரம் என்கிறோம். பி.சி.ஆர். முறையால் அந்தப் பகுதிகளை மட்டும் பலகோடி மடங்காகப் பெருக்கி அளக்கிறோம். ஓர் உயிரணுவில் இருப்பது 6 பிகோகிராமுக்கு (ஒரு பிகோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) சற்றே கூடுதலான டி.என்.ஏ. மட்டுமே என்றாலும், இந்தப் பெருக்கத்தால் சில பத்து உயிரணுக்களிலிருந்தும் விவரம் எடுத்துவிட முடிகிறது.

இந்த நுண்மைதான் முறையின் வலிமை. சிக்கல் தொடங்குவதும் இதே இடத்தில்தான். தொட்ட பொருளிலிருந்தே டி.என்.ஏ. எடுக்கலாம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997-இல் காட்டினார்கள். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய், அவர் தொட்ட பொருளில் முதலாமவரின் டி.என்.ஏ. தங்கக்கூடும் என்பதும் அப்போதே பேசப்பட்டது. 2012-இல் கலிபோர்னியாவில் கொலையுண்ட ஒருவரின் நகக்கண்களில் கிடைத்த டி.என்.ஏ. வேறொருவருடையது என்று பொருந்தி, அவர் பல மாதங்கள் சிறையில் இருந்தார். கொலை நடந்த இரவில் அவர் மயங்கிய நிலையில் மருத்துவமனையில் படுத்திருந்தார் என்பது பின்னர்தான் வெளிவந்தது. அவரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற அதே அவசர ஊர்திப் பணியாளர்கள், சில மணி நேரம் கழித்துக் கொலை நடந்த வீட்டுக்கும் போயிருந்தார்கள். ஆய்வகம் எந்தத் தவறும் செய்யவில்லை. பொருத்தம் முற்றிலும் உண்மையானது. ஆனாலும் அவருக்கும் அந்தக் கொலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஜெர்மனியில் நடந்ததும் நினைவில் கொள்ள வேண்டியது. 2007-இல் ஹைல்பிரான் நகரில் ஒரு பெண் காவலர் கொல்லப்பட்டபோது கிடைத்த டி.என்.ஏ., ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் ஏறத்தாழ 40 குற்ற இடங்களில் கிடைத்த ஒரு பெண்ணின் டி.என்.ஏ.வோடு பொருந்தியது. அந்தப் பெண்ணை ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். கடைசியில் 2009-இல், அது மாதிரி எடுக்கப் பயன்பட்ட பஞ்சுக்குச்சிகளைத் தொழிற்சாலையில் கையாண்ட ஒரு பணிப்பெண்ணின் டி.என்.ஏ. என்று தெரிந்தது. கிருமி நீக்கப்பட்ட குச்சி டி.என்.ஏ. நீக்கப்பட்ட குச்சி ஆகாது என்பதை உலகம் அப்போதுதான் ஊன்றிக் கவனித்தது. இத்தகைய பொருள்களின் தயாரிப்புக்கென்றே ஒரு பன்னாட்டுத் தரநிலை 2016-இல் வந்தது.

ஆகவே, மாதிரி எதிலிருந்து வந்தது என்பதை அறிக்கையில் முதலில் பாருங்கள். இரத்தம், உமிழ்நீர், விந்து என்று உறுதி செய்யப்பட்ட கறையிலிருந்து வந்ததா, வெறும் தொடுகையால் உதிர்ந்த தோல் உயிரணுக்களா? உடைந்த கண்ணாடியில் அந்த இளைஞரின் இரத்தம் இருந்திருந்தால் என் மறுமொழி வேறாக இருந்திருக்கும். அடுத்தபடி, அது ஒருவரின் விவரமா, பலருடையது கலந்ததா என்பது. ஒரு கதவுப்பிடியை எத்தனையோ பேர் தொடுகிறார்கள். மூன்று நான்கு பேரின் டி.என்.ஏ. கலந்த மாதிரியைப் பிரித்துப் படிப்பதில் அனுபவமுள்ள ஆய்வாளர்களே கருத்து வேறுபடுவார்கள்.

மறுமொழி: பீட்டர்மரிட்ஸ்பர்க் வழக்கறிஞர்

மேலே சொல்லப்பட்டதை நம் நாட்டு நீதிமன்றங்கள் எப்படிப் பார்க்கின்றன என்பதை நான் சேர்க்கிறேன். 2013-இல் புளூம்ஃபோன்டெய்னிலுள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் பொகோலோ வழக்கில் இதைத் தெளிவாகப் பேசியிருக்கிறது. டி.என்.ஏ. பொருத்தம் என்பது சூழ்நிலைச் சாட்சியமே. அதற்கு எவ்வளவு எடை தருவது என்பது, மாதிரி எடுத்த கை முதல் ஆய்வக மேசை வரை சான்றுத்தொடர் அறுபடாமல் இருந்ததா, கருவிகள் ஒழுங்காக இயங்கினவா, கருவி வரைந்து தரும் டி.என்.ஏ. வரைபடத்தைப் படித்த முறை ஏற்கத்தக்கதா, அப்படியொரு பொருத்தம் தற்செயலாக அமைவதற்கான வாய்ப்பு எவ்வளவு, வழக்கில் வேறு என்ன சாட்சியம் இருக்கிறது என்பவற்றைப் பொறுத்தது என்று அந்தத் தீர்ப்பு கூறுகிறது. நம் நாட்டில் 1969-இலேயே ஜூரி முறை நீக்கப்பட்டுவிட்டதால், இவற்றை எடைபோட வேண்டியவர் நீதிபதி அல்லது மாஜிஸ்திரேட்; சில வழக்குகளில் சாட்சியத்தை எடைபோட அவருக்குத் துணையாக மதிப்பீட்டாளர்களும் அமர்வார்கள்.

தற்செயல் பொருத்தம் பற்றிய எண்ணைத்தான் மக்கள் பெரும்பாலும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். அரைகுறையாகக் கிடைத்த ஒரு விவரம், தொடர்பே இல்லாத ஒருவரோடு பொருந்தும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே, இவர் நிரபராதியாக இருக்கும் வாய்ப்பும் பத்து லட்சத்தில் ஒன்று என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அது பிழையான கணக்கு. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 6 கோடியே 20 லட்சம் பேர் இருக்கிறோம். அந்த விகிதப்படி இந்த நாட்டிலேயே அறுபதுக்கும் மேற்பட்டோருக்கு அதே விவரம் இருக்கலாம். 40 லட்சம் பேருக்கு மேல் வாழும் நம் ஈத்தெக்வினி மாநகரில், அதாவது டர்பனும் சுற்றுப்புறமும் சேர்ந்த பகுதியில் மட்டும் நான்கு பேர் இருக்கலாம். அந்த நால்வரில் இவரே குற்றவாளி என்று காட்ட வேறு சாட்சியம் வேண்டும். முழு விவரம் கிடைத்த வழக்குகளில் தற்செயல் வாய்ப்பு கோடிகளில் ஒன்றுக்கும் கீழே போய்விடும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அங்கே, அது யாருடைய டி.என்.ஏ. என்பதில் வாதாட இடமிருக்காது. எப்படி வந்தது என்பதில்தான் வாதம் நடக்கும்.

உறவுமுறையையும் கவனிக்க வேண்டும். மேற்சொன்ன கணக்கு உறவில்லாதவர்களுக்கானது. உடன்பிறந்தவர்களின் விவரங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கியிருக்கும், ஒற்றைக்கரு இரட்டையர்களை எஸ்.டி.ஆர். முறையால் பிரிக்கவே முடியாது. மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கம் தலைமுறைகளாக இருந்த குடும்பங்களில் இந்த நெருக்கம் இன்னும் கூடும், அதற்கேற்ற திருத்தத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆண்களுக்கு மட்டுமே உரிய ஒய் குரோமோசோமை வைத்துச் செய்யும் சோதனையாக இருந்தால், தந்தைவழிப் பங்காளிகள் அனைவருக்கும் பெரும்பாலும் ஒரே விவரம்தான் வரும். அங்கே பொருந்துகிறது என்பதற்கு, இந்தக் கொடிவழியில் வந்த ஓர் ஆண் என்பதற்கு மேல் பொருளில்லை.

ஆய்வக அறிக்கை பெரும்பாலும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 212-ஆம் பிரிவின்படி உறுதிமொழிப் பத்திரமாகவே நீதிமன்றத்துக்கு வரும், அது முதல்தோற்றச் சான்றாக, அதாவது மறுக்கப்படாதவரை செல்லுபடியாகும் சான்றாக ஏற்கப்படும். எதிர்த்தரப்பு கேள்வி எழுப்பாவிட்டால் ஆய்வாளர் சாட்சிக் கூண்டுக்கே வராமல் வழக்கு நகர்ந்துவிடும். அந்த இளைஞரின் வழக்கறிஞர் இதைச் சும்மா விட்டுவிடக் கூடாது.

மறுமொழி: சாட்ஸ்வொர்த் வாசகி

ஐயாவுக்கும் தம்பிக்கும் மிக்க நன்றி. படித்தபோது இன்னொரு கவலை எழுந்தது. இவ்வளவு ஐயங்களையும் கேட்டபின், டி.என்.ஏ.வையே நம்ப வேண்டாம் என்று சொல்கிறவர்களின் பக்கம் நான் சாய்ந்துவிடுவேனோ என்று தோன்றுகிறது. பாதிக்கப்பட்டவர்களின் பக்கமிருந்து பார்க்கும்போது இது எவ்வளவு பயன்படுகிறது? முடிவு வர ஆண்டுக்கணக்கில் ஆகிறது என்கிறார்களே, அது ஏன்? அந்த இளைஞரின் மாதிரி இனி என்றென்றும் காவல்துறையிடமே இருக்குமா என்று அவருடைய தாயாரும் என்னிடம் கேட்டார்.

மறுமொழி: பீனிக்ஸ் செவிலியர்

அம்மா, நம்ப வேண்டாம் என்ற முடிவுக்கு மட்டும் தயவுசெய்து வந்துவிடாதீர்கள். டி.என்.ஏ. முதன்முதலாக ஒரு கொலை வழக்கில் பயன்பட்டபோதே ஒரு நிரபராதியைத்தான் காப்பாற்றியது. 1984 செப்டம்பரில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் இந்த முறையைக் கண்டறிந்தார். அதே வட்டாரத்தில் இரண்டு சிறுமிகள் வல்லுறவுக்கு ஆளாகிக் கொல்லப்பட்டிருந்தார்கள். 17 வயது இளைஞன் ஒருவன் ஒரு கொலையைத் தானே செய்ததாக ஒப்புக்கொண்டும் இருந்தான். இரண்டையும் செய்தவன் ஒருவனே, ஆனால் அது இந்த இளைஞன் அல்ல என்று சோதனை காட்டியது. அதன் பிறகு அந்த ஊர்களின் ஆண்கள் ஏறத்தாழ 5,000 பேரிடம் மாதிரி கேட்கப்பட்டது. உண்மையான குற்றவாளி தனக்குப் பதிலாக உடன் வேலை செய்பவரை அனுப்பித் தப்பப் பார்த்தான். அந்த நண்பர் மதுக்கடையில் இதைச் சொல்லியதை ஒருவர் கேட்டுக் காவல்துறையிடம் தெரிவித்ததால் அவன் பிடிபட்டு, 1988-இல் தண்டிக்கப்பட்டான். அறிவியல் குற்றமற்றவனை விடுவித்தது. குற்றவாளியை நெருங்க மனிதர்களின் வாய்ச்சொல்லும் தேவைப்பட்டது.

நான் அதிகம் அறிந்தது பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களின் நிலை. அங்கே டி.என்.ஏ.வின் இடமே தனி, ஏனென்றால் பெரும்பாலும் வேறு சாட்சியே இருப்பதில்லை. சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே. கான் மருத்துவமனையிலும் பீனிக்ஸில் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனையிலும் துத்துசெலா பராமரிப்பு மையங்கள் இருக்கின்றன. சிகிச்சை, ஆறுதல், தடயம் எடுத்தல், வாக்குமூலம் ஆகியவற்றை ஒரே இடத்தில் முடிக்கவே அவை அமைந்தன. எவ்வளவு விரைவாக வர முடியுமோ அவ்வளவு விரைவாக வர வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைக்கூட 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். நம் வீடுகளில் என்ன நடக்கிறது தெரியுமா? பிள்ளையை முதலில் குளிப்பாட்டி, துணியைத் துவைத்துக் காயப்போட்ட பிறகுதான் பெரியவர்கள் என்ன செய்வதென்று கூடிப் பேசத் தொடங்குகிறார்கள். பாசத்தினாலும் வெட்கத்தினாலும் செய்கிறார்கள் என்பது புரிகிறது. ஆனால் அந்தக் குளியலோடு தடயத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. குளிக்காமல், உடை மாற்றாமல் வர முடிந்தால் நல்லது. மாற்றியிருந்தால் அந்த உடையைத் துவைக்காமல் ஒரு காகிதப் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். டர்பனின் ஈரக்காற்றில், நனைந்த துணி பிளாஸ்டிக்குக்குள் பூஞ்சை பிடித்துவிடும், பூஞ்சையும் கிருமிகளும் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். குளித்துவிட்டீர்கள் என்றாலும் வராமல் இருந்துவிடாதீர்கள். சில தடயங்கள் அதற்குப் பிறகும் கிடைக்கின்றன, சிகிச்சையோ எப்படியும் வேண்டும்.

கால தாமதம் உண்மை. 2021-இல் காவல்துறை ஆய்வகங்களில் தேங்கிய டி.என்.ஏ. வழக்குகள் இரண்டு லட்சத்தைக் கடந்துவிட்டன என்று நாடாளுமன்றத்திலேயே சொல்லப்பட்டது. வேதிப்பொருள்களுக்கும் கருவிகளின் பராமரிப்புக்குமான ஒப்பந்தங்கள் காலத்தில் புதுப்பிக்கப்படாமல் போனது அதற்கு ஒரு பெரிய காரணம். ஒவ்வொரு முறை வழக்கு ஒத்திவைக்கப்படும்போதும் ஒரு பெண் மீண்டும் விடுப்பு எடுத்து, மீண்டும் அந்த நடைக்கூடத்தில் உட்கார்ந்து, குற்றம் சாட்டப்பட்டவனின் முகத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறாள். அவளால் எத்தனை முறை அப்படி வர முடியும்? ஆய்வகத்தில் தேங்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் இப்படி ஒருவர் இருக்கிறார் என்பதை அதிகாரிகள் மறக்கக் கூடாது.

மறுமொழி: ஜோகன்னஸ்பர்க் உறுப்பினர்

குற்றவாளியைத் தேடுவதற்கு வெளியேயும் இந்த அறிவியலுக்கு வேலை உண்டு என்பதால் சிறிது சேர்க்கிறேன். இனவெறி ஆட்சிக் காலத்தில் கொல்லப்பட்டு அடையாளமின்றிப் புதைக்கப்பட்டவர்களைத் தேடுவதற்காக, உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் பரிந்துரைப்படி தேசிய வழக்குத்தொடுப்பு ஆணையத்துக்குள் ஒரு குழு அமைக்கப்பட்டு, 2005 முதல் பணியாற்றி வருகிறது. எலும்புகளைக் குடும்பத்தினரின் டி.என்.ஏ.வோடு ஒப்பிடுவதும் அவர்களுடைய வழிமுறைகளில் ஒன்று. பழைய எலும்பில் உயிரணுக் கருவிலுள்ள டி.என்.ஏ. சிதைந்துபோயிருந்தாலும், கருவுக்கு வெளியே இருந்து தாய்வழியாக மட்டுமே இறங்கும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. எஞ்சியிருக்க வாய்ப்புண்டு, ஏனெனில் ஓர் உயிரணுவில் அதன் பிரதிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். 2024 மே 6 அன்று ஜார்ஜ் நகரில் கட்டடம் இடிந்து 34 பேர் இறந்தபோதும், உடல்களைக் குடும்பங்களிடம் சரியாக ஒப்படைக்க டி.என்.ஏ. சோதனை தேவைப்பட்டது.

மறுமொழி: பீட்டர்மரிட்ஸ்பர்க் வழக்கறிஞர்

தாயாரின் கேள்விக்கு வருகிறேன். 2013-ஆம் ஆண்டின் 37-ஆம் எண் சட்டம் 2015 ஜனவரி 31 அன்று நடைமுறைக்கு வந்தது. தேசியத் தடயவியல் டி.என்.ஏ. தரவகம் அதன்படியே இயங்குகிறது. குற்ற இடத்து விவரங்கள், கைதானவர்கள், தண்டனை பெற்றவர்கள், புலனாய்வுக்காகத் தந்தவர்கள், காணாமற்போனவர்களும் அடையாளம் தெரியாத உடல்களும், பணியின்போது மாதிரியைத் தொட நேர்கிற காவலர்கள் முதலியோரை விலக்குவதற்கான பட்டியல் என்று அங்கே தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. அறிந்துகொள்ள வேண்டியது என்னவென்றால், கன்னத்தின் உட்புறத்தில் ஒற்றி எடுத்த மாதிரி வேறு, அதிலிருந்து எடுத்த எண்வரிசை வேறு. விவரம் எடுத்து முடிந்ததும் மாதிரியை அழித்துவிட வேண்டும் என்பது சட்டம். எண்வரிசை மட்டுமே தரவகத்தில் இருக்கும். அதில் பாலினத்தைத் தவிர நோய், உடல்தோற்றம், மனஇயல்பு பற்றிய எந்தச் செய்தியும் இருக்கக் கூடாது. அந்த இளைஞர் விடுதலை பெற்றாலோ வழக்கு கைவிடப்பட்டாலோ, கைதானவர்கள் பிரிவிலிருந்து அவருடைய விவரம் சட்டம் குறித்த காலத்துக்குள் நீக்கப்பட வேண்டும். நீக்கப்பட்டதா என்று அவருடைய வழக்கறிஞர் எழுத்துமூலமாகக் கேட்டுப் பதில் பெறுவது நல்லது. குடும்பத்தினர் பெரும்பாலும் விடுதலை கிடைத்த மகிழ்ச்சியில் இதை விட்டுவிடுகிறார்கள்.

வழக்கைப் பற்றி இன்னொன்று. என் பார்வையில் இந்த வழக்கு இழுப்பறையைச் சுற்றித்தான் நிற்கிறது. கதவுப்பிடிக்கு அந்த இளைஞரிடம் இயல்பான விளக்கம் இருக்கிறது. காய்கறி கொண்டுவருகிறவர் படுக்கையறை அலமாரியின் இழுப்பறையைத் தொட வேண்டிய தேவை என்ன என்றுதான் அரசுத்தரப்பு கேட்கும். அது நியாயமான கேள்வி. அந்த அம்மா எப்போதாவது பணம் எடுத்துத் தரச் சொன்னாரா, பழுதான இழுப்பறையைச் சரிசெய்யச் சொன்னாரா என்பதை அவரிடமே விசாரித்து வாக்குமூலமாகப் பதிவு செய்ய வேண்டும். தாக்கியவர் கையுறை அணிந்திருந்து, கதவுப்பிடியைத் தொட்ட கையாலேயே இழுப்பறையையும் இழுத்திருந்தால், பிடியில் இருந்த இளைஞரின் டி.என்.ஏ. அங்கே போய்ச் சேர்ந்திருக்க முடியுமா என்பதை மேலே எழுதிய ஆய்வாளர் போன்ற ஒருவர்தான் சொல்ல வேண்டும்.

மறுமொழி: கேப் டவுன் ஆய்வாளர்

ஐயா கேட்டதற்கு: முடியும், ஆனால் ஒவ்வொரு கைமாற்றத்திலும் அளவு மிகவும் குறைந்துவிடும். அதனால் இரண்டு மாதிரிகளிலும் கிடைத்த டி.என்.ஏ.வின் அளவை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிடியில் நிறையவும் இழுப்பறையில் மிகச் சொற்பமும் இருந்தால் அந்த விளக்கத்துக்கு இடமுண்டு. இழுப்பறையில் அந்த இளைஞருடையதே ஓங்கி, வேறு எவருடையதும் இல்லாமல் இருந்தால் அந்த விளக்கம் வலுவிழக்கும். இழுப்பறை மாதிரியில் அடையாளம் தெரியாத வேறொருவரின் டி.என்.ஏ.வும் கலந்திருக்கிறதா என்பதும், அப்படி இருந்தால் அதைத் தரவகத்தில் தேடிப் பார்த்தார்களா என்பதும் இதைவிடப் பெரிய கேள்வி. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் முடிவு மட்டுமே இருக்கும். ஆகவே முழுக் கோப்பையும், அதாவது வரைபடங்கள், அளவுக் குறிப்புகள், மாசு கலந்ததா என்று அறியத் தடயம் எதுவுமின்றிச் சோதிக்கும் வெற்று மாதிரிகளின் முடிவுகள், ஒவ்வொரு முத்திரைப் பையும் யார் கையிலிருந்து யார் கைக்கு எந்த நாளில் போனது என்ற பதிவு எல்லாவற்றையும், வழக்கறிஞர் வழியாகக் கேட்கச் சொல்லுங்கள் அக்கா. இரண்டு இடங்களிலும் மாதிரி எடுத்தவர் இடையில் கையுறையை மாற்றினாரா என்பதையும் அவர் தவறாமல் கேட்க வேண்டும்.

மறுமொழி: சாட்ஸ்வொர்த் வாசகி

இந்த விளக்கங்களை அப்படியே அச்செடுத்து அந்த இளைஞரின் தாயாரிடம் கொடுக்கிறேன். வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது என்னையும் உடன் வரச் சொல்லியிருக்கிறார். இழுப்பறை பற்றி மூதாட்டியிடம் நானே போய்க் கேட்டால் அது சாட்சியைக் கலைத்ததாக ஆகிவிடும் என்று அஞ்சுகிறேன். அதனால் அதை வழக்கறிஞரிடமும் புலனாய்வு அதிகாரியிடமும் விட்டுவிடுகிறேன்.

மறுமொழி: பீட்டர்மரிட்ஸ்பர்க் வழக்கறிஞர்

மிகச் சரியான முடிவு அம்மா. நீங்கள் கேட்க வேண்டாம், தெருவில் வேறு யாரும் கேட்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.